கோப்பிங்கன் நகரமும் ஒரு குட்டி எஞ்சினும்

கடந்த ஆகஸ்ட் விடுமுறையின்போது, ஜேர்மனியின் ஸ்ருட்காட் நகரில் வாழும் என் தமையனார் வீட்டில் மூன்று வாரங்கள் தங்கியிருந்தேன். அந்நாட்டுக்குச் சென்று திரும்புவோர் றைன் நதியையும், கொலோன் நகரத்துத் தேவாலயத்தையும், பேர்லின் மதிலின் எச்சங்களையும் பற்றிப் பேசுவது வழக்கம். நான் எழுதப் புகுந்ததோ உள்ளங்கையில் அடங்கும் ஒரு புகையிரத எஞ்சினைப் பற்றியும், அதன் பொருட்டு நான் போய்வந்த கோப்பிங்கன் என்னும் சிறு பட்டணத்தைப் பற்றியுமே. வாசகர்கள் பொறுத்தருள்வார்களாக.

தமையனார் குடியிருக்கும் மாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் எழுபத்தேழு வயதான முதியவர் ஒருவர் வாழ்கிறார். தபால் இலாகாவிற் பணியாற்றி ஓய்வு பெற்றவர். தமையனாரின் மகள் சிறு வயதில் அவர் வீட்டிலேயே பாதி நாளைக் கழித்தவளாதலால், அவரை 'ஓப்பா' என்றே அழைக்கிறாள். பாட்டனாரைக் குறிக்க ஜேர்மானியக் குழந்தைகள் வழங்கும் சொல் அது. நான் போய்ச் சேர்ந்த நான்காம் நாள் மாலை அவள் என்னிடம் வந்து, "சித்தப்பா, நீங்கள் பௌதிகம் படிப்பிப்பதாக ஓப்பாவிடம் சொல்லிவிட்டேன். உங்களிடம் ஓர் உதவி கேட்க வேண்டுமாம்" என்றாள். பின்னால் அவரே ஒரு பிஸ்கற் தகரப் பெட்டியுடன் நின்றார்.

பெட்டிக்குள், பழைய துணியிற் சுற்றியபடி, கறுப்பு வர்ணம் பூசிய ஒரு குட்டி நீராவி எஞ்சின் இருந்தது. ஆறு சக்கரங்கள். உடல் முழுவதும் வார்ப்பு உலோகம். கையில் எடுத்ததும் அதன் கனம் என்னை வியக்கச் செய்தது. 1956ஆம் ஆண்டு நத்தார்ப் பண்டிகைக்கு அவருடைய தந்தையார் வாங்கிக் கொடுத்ததாம். அப்போது அவருக்கு வயது எட்டு. இப்போது அவருடைய பேத்திக்கு வயது ஏழு. அவளுக்கு இதைக் கொடுத்துவிட வேண்டும் என்பது கிழவரின் ஆசை. ஆனால் அந்தப் பிள்ளையோ இதைக் கண்டால் ஓடி ஒளிகிறாள். காரணம், திசை மாற்றும்போதெல்லாம் எஞ்சின் ஒரு முறை 'ஜிர்' என்று இரைந்து, தவளைபோல் முன்னே பாய்ந்துவிட்டுத்தான் பின்னே வரும். ஒரு நாள் பாய்ந்த பாய்ச்சலில் மேசையிலிருந்து அவள் காலடியிலேயே விழுந்துவிட்டது.

அதன் உள்ளே இருக்கும் பழைய மின்னமைப்பை நீக்கி, இக்காலத்துச் சிறு மின்னணுப் பலகை ஒன்றை வைக்க வேண்டும், அதற்குரிய உறுப்புக்களையெல்லாம் வாங்கி வைத்திருக்கிறார், கைதான் நடுங்குகிறது. இதுவே வேண்டுகோள். நான் எஞ்சினைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இத்தனை பழைய பொருளைத் திறந்து மாற்றுவது முறையா?" என்று கேட்டேன். அவர் சிறிது யோசித்து, "திறப்பதற்கு முன் இது பிறந்த ஊரை நீங்கள் பார்க்க வேண்டும், பிறகு முடிவு சொல்லுங்கள்" என்றார். இவ்வாறுதான் கோப்பிங்கன் பயணம் தீர்மானமாயிற்று.

ஸ்ருட்காட்டிலிருந்து ஊல்ம் நகரை நோக்கிச் செல்லும் பாதையில், முக்கால் மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவான ஓட்டத்தில், கோப்பிங்கன் இருக்கிறது. புகையிரதம் முதலில் நெக்கார் நதியோடு சேர்ந்து செல்கிறது. எஸ்லிங்கனை அண்மிக்கும்போது மலைச்சரிவுகளிற் படிக்கட்டுப் போன்ற திராட்சைத் தோட்டங்கள் தெரிகின்றன. புளொக்கிங்கன் என்னுமிடத்தில் ஃபில்ஸ் என்ற சிற்றாறு நெக்காருடன் கலக்கிறது. அங்கிருந்து பாதை பெரிய நதியை விட்டுச் சிற்றாற்றின் பள்ளத்தாக்கிற் புகுகிறது. ஒரு காலத்தில் ஜேர்மானியப் பேரரசர்களை ஈன்ற ஹோஹென்ஸ்ரவுஃபன் வம்சத்தின் பெயர்கொண்ட குன்று, கூம்பிய நெற்குவியல் போலத் தூரத்தில் தனித்து நிற்கிறது. இப்பாதை கோப்பிங்கனைத் தாண்டியதும் கைஸ்லிங்கன் ஏற்றம் என்ற செங்குத்தான பகுதியை அடைகிறது. நாற்பத்துநான்கரை அடி ஓடினால் ஓரடி உயர்கின்ற ஏற்றம் அது. 1850இல் இரும்புப் பாதையை அம்மலைமேல் ஏற்றியிருக்கிறார்கள். அதைப் பார்க்க எனக்கு மிகுந்த ஆவல். ஆனால் கிழவரின் முழங்கால் சம்மதிக்கவில்லை.

வண்டியில் அவர், "உங்கள் ஊரில் எந்தப் புகையிரதம் ஓடுகிறது?" என்று கேட்டார். யாழ்தேவியும் 1956இலேதான் ஓடத் தொடங்கியது என்று சொன்னேன். தம் எஞ்சினுக்கு ஓர் உடன்பிறப்புக் கிடைத்தது போல அவர் மகிழ்ந்தார். 1990இல் அது எங்கள் ஊருக்கு வராமல் நின்றுபோனதையும், அப்போது எனக்கு ஒன்பது வயது என்பதையும், தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் பெயர்ந்து போன வெறும் மண்மேட்டில் நாங்கள் துவிச்சக்கர வண்டி ஓட்டித் திரிந்ததையும், மீண்டும் யாழ்ப்பாண நிலையத்துக்குள் புகையிரதம் வந்தது 2014 ஒக்ரோபரிலே என்பதையும் சொல்ல வேண்டியதாயிற்று. பெறாமகள் அதை மொழிபெயர்த்து முடிக்கும்வரை அவர் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். புகையிரதத்தையே காணாமல் வளர்ந்த பிள்ளைகளுக்கு நான் எவ்வாறு வேகமும் ஆர்முடுகலும் கற்பித்தேன் என்று மட்டும் கேட்டார். பஸ்வண்டியைக் கொண்டு என்றேன்.

கோப்பிங்கன் பெரிய ஊரன்று. 1782இல் நெருப்புக்கு இரையாகிப் பின்பு புதிதாக வகுக்கப்பட்டமையால் நடுநகரின் தெருக்கள் கோடு கிழித்தாற்போல் நேராக இருக்கின்றன. இவ்வூரிலேதான் 1859இல் தியோடர் மேர்க்லின் என்ற தகர வேலைக்காரர், பாவை வீடுகளுக்கான சிறு அடுப்பும் சட்டிபானையும் செய்யத் தொடங்கினார். அவர் 1866இல் காலமானார். அதன்பின் இருபது ஆண்டுகளுக்கு மேல் அத்தொழிலை விழாமற் காத்தவர் அவருடைய மனைவி கரோலின் அம்மையார். பெண்கள் வியாபாரத்துக்காக ஊர் ஊராகச் செல்வது அபூர்வமாயிருந்த அக்காலத்தில், அவர் மாதிரிப் பொருட்களுடன் தென்ஜேர்மனியிலும் சுவிற்சர்லாந்திலும் பயணஞ் செய்து விற்றிருக்கிறார். 1888இல் மைந்தர்கள் பொறுப்பேற்றனர். 1891இல் லைப்சிக் சந்தையிலே, எட்டு வடிவத் தண்டவாளத்தில் ஓடும் விசைச்சுருள் புகையிரதத்தைக் காட்டினர். அன்றைய சிறப்பு எஞ்சினில் மட்டுமன்று, தண்டவாளத்தின் அகலத்தை அளவு குறித்து நிலைப்படுத்தியதிலும் இருந்தது. இன்று ஒரு வளையம் வாங்கினால், அடுத்த நத்தாருக்கு வாங்கும் துண்டும் அதனுடன் பொருந்தும். ஒரு தகப்பனை ஆண்டுதோறும் கடைக்கு வரவழைக்க இதைவிடச் சிறந்த உபாயம் வேறில்லை!

தொழிற்சாலையோடு சேர்ந்த அருங்காட்சியகத்துக்கு மேர்க்லினியம் என்று பெயர். தகரச் சமையலறைகள், கப்பல்கள், ஒரு குழந்தை தூக்க முடியாத பழைய பெரிய எஞ்சின்கள், 1935இல் வந்த மேசைப் புகையிரதம், 1972இல் வெளியான 220இல் ஒரு பங்கு அளவுடைய விரல்நுனி எஞ்சின் என்று வரிசை வரிசையாக வைத்திருக்கிறார்கள். சுவிற்சர்லாந்தின் மலைப்பாதையில் ஓடிய, முதலை என்று செல்லப்பெயர் பெற்ற நீண்ட மின்சார எஞ்சினின் முன்னேதான் கூட்டம் அதிகம். இத்தகைய நிறுவனமும் தன் நூற்றைம்பதாவது ஆண்டாகிய 2009இலேயே வங்குரோத்து மனுச் செய்ய நேர்ந்தது. 2013இல் வேறொரு விளையாட்டுப்பொருட் குழுமம் அதை வாங்கி நடத்தலாயிற்று. கிழவர் இவற்றில் எதையும் நின்று பார்க்கவில்லை. தம்முடைய எஞ்சினைப் போன்ற ஒன்று கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பதைக் கண்டு அதன்முன் போய் நின்றார். புத்தம் புதிதாக, ஒரு கீறலும் இல்லாமல் மின்னியது அது. "இதை யாரும் விளையாடவில்லை" என்றார். அவர் குரலில் இருந்தது பொறாமையா இரக்கமா என்று எனக்கு விளங்கவில்லை.

நிற்க. இக்குட்டி எஞ்சினின் உட்புறத்தை நம் உயர்தர வகுப்பு மாணவர்கள் அறிந்துகொள்வது நன்று. பழைய முறையில், மேசையோரத்து நிலைமாற்றி ஏறத்தாழ 16 வோல்ற்று வரையான ஆடலோட்டத்தைத் தண்டவாளத்துக்கு அனுப்புகிறது. தண்டவாளங்களின் நடுவே வரிசையாக நிற்கும் சிறு உலோகப் புள்ளிகள் ஒரு முனை. இரண்டு தண்டவாளங்களும் சேர்ந்து மற்றை முனை. எஞ்சினின் வயிற்றில் உள்ள சறுக்குத் தகடு புள்ளிகளைத் தடவிக்கொண்டு செல்கிறது. மோட்டாரிலே சுழலும் ஆமேச்சரும், அதைச் சூழ்ந்த புலச் சுருளும் தொடராக இணைந்திருக்கின்றன. ஆடலோட்டம் திசை மாறும்போது இரண்டிலும் ஒருங்கே மாறுவதால் சுழற்சித் திசை மாறுவதில்லை. அப்படியானால் பின்னோக்கிச் செல்வது எவ்வாறு? புலச் சுருளை எதிரெதிராகச் சுற்றிய இரு பகுதிகளாக அமைத்து, எதற்கு மின்னைக் கொடுப்பது என்பதை ஒரு மின்காந்த ஆளியிடம் விட்டிருக்கிறார்கள். நிலைமாற்றியின் குமிழைப் பூச்சியத்துக்கு அப்பால் திருகினால் 24 வோல்ற்று ஒரு கணம் பாயும்; ஆளி 'ஜிர்' என்று இழுபட்டு மற்றைப் பகுதிக்கு மாறும். வில்லுச்சுருள் சரியாக இயையாதபோது, ஆளி மாறுமுன்னரே அந்த 24 வோல்ற்றும் மோட்டாருக்குப் போய்விடும். பிள்ளையை மிரட்டிய தவளைப் பாய்ச்சலின் இரகசியம் இதுவே.

புதிய முறையோ முற்றிலும் வேறு. தண்டவாளத்தில் மின்னழுத்தம் எப்போதும் ஒரே அளவாக நிற்கும். அம்மின்னோடு கட்டளைகளும் துடிப்புக்களாகச் செல்லும். ஒவ்வோர் எஞ்சினுக்குள்ளும் டிகோடர் எனப்படும் சிறு பலகை இருந்து, தன் இலக்கத்தை அழைக்கும்போது மட்டும் செவிசாய்க்கும். வகுப்பிலே வரவு எடுக்கும்போது நாற்பது பெயரையும் நாற்பது பேரும் கேட்கிறார்கள்; தன் பெயருக்கு மட்டுமே ஒருவன் "உள்ளேன் ஐயா" என்கிறான். அதுபோலத்தான். 1985ஆம் ஆண்டளவில் இந்நிறுவனம் விற்பனைக்கு விட்ட முதல் அமைப்பிலே, மூன்று நிலைகளுள் ஒன்றை ஏற்கக்கூடிய நான்கு இலக்கங்களால் எஞ்சினின் முகவரி குறிக்கப்பட்டது. மூன்றை நான்கு முறை பெருக்கினால் 81. அவற்றுள் 80 பயன்பட்டன. 2004இல் வந்த அமைப்பிலே, தண்டவாளத்தில் வைத்தவுடன் எஞ்சினே தன் பெயரைக் கட்டுப்பாட்டுப் பெட்டிக்கு அறிவித்துவிடுகிறது.

டிகோடரின் பெருமை இன்னும் ஒன்று உண்டு. அது மோட்டாருக்குத் துண்டு துண்டாக மின்னைக் கொடுக்கிறது. இடையிடையே கணப்பொழுது மின்னை நிறுத்தி, சுழன்றுகொண்டிருக்கும் மோட்டார் அப்போது ஒரு மின்பிறப்பாக்கியாகித் தரும் மின்னழுத்தத்தை அளக்கிறது. அழுத்தம் குறைந்தால் வேகம் குறைந்துவிட்டது என்று அறிந்து, அடுத்த துண்டை நீட்டுகிறது. ஆதலால் ஏற்றத்திலும் இறக்கத்திலும் எஞ்சின் ஒரே நிதானமாகச் செல்லும். பின்மின்னியக்க விசையை நான் பல ஆண்டுகளாகக் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். அது ஒரு குழந்தையின் பயத்தைத் தீர்க்கப் பயன்படும் என்று நினைத்ததில்லை.

ஆனால் இதற்கு நேரோட்ட மோட்டார் வேண்டும். ஆகவே பழைய புலச் சுருளைக் கழற்றிவிட்டு, அவ்விடத்தில் நிலைக்காந்தம் ஒன்றைப் பொருத்துவார்கள். மூன்று முனை ஆமேச்சருக்குப் பதிலாக ஐந்து முனையுடையதை வைப்பார்கள்; அது மெதுவாகச் சுழலும்போதும் திக்குவதில்லை. ஒன்று காபனும் மற்றது செப்புவலையுமாக இருந்த தூரிகைகளுக்குப் பதிலாக இரண்டும் காபனாகும். ஆளியும் போய்விடும். சுருளை அகற்றாமலே இயக்கும் டிகோடர்களும் உண்டு என்பதை அறிந்து, அவற்றுள் ஒன்றை வாங்கலாமே என்று வாதாடினேன். அவற்றால் அந்த நிதானமான நடை வாராது என்றார். "எங்கள் ஊரில் பழைய கோயிற் கதவுக்கு எண்ணெய் பூசுவார்கள், கதவையே மாற்றிவிடுவதில்லை" என்றேன். பெறாமகள் மொழிபெயர்த்ததும் அவர் சிரித்தார். "அந்தக் கதவு குழந்தையின் விரலை நசுக்கினால்?" என்று கேட்டார். திரும்பி வரும் வண்டியில் நான் சம்மதித்துவிட்டேன்.

அடுத்த சனிக்கிழமை அவருடைய சமையலறை மேசையில் வேலை தொடங்கியது. மேலுடலைப் பிடித்திருந்தது ஒரே ஒரு திருகாணி. அதைக் கழற்றி உடலை உயர்த்தியபோது, பழைய எண்ணெயின் மணம் எழுந்தது. உள்ளே ஆளிக்கும் சுருளுக்கும் இடையில் ஒரு கம்பி மட்டும் மற்றவற்றைப் போல இல்லை. நூலுறை போர்த்திய தடித்த கம்பி. இரு முனையிலும் குண்டு குண்டாக ஈயப்பற்று. தொழிற்சாலை வேலை அல்ல என்பது பார்த்தவுடன் தெரிந்தது. கிழவர் கண்ணாடியை நெற்றிக்கு உயர்த்திக் குனிந்து பார்த்தார். பல நிமிடம் பேசவில்லை. ஒரு முறை எஞ்சின் நின்றுபோய் அவர் அழுதபோது, அவருடைய தந்தையார் வீட்டு வானொலியிலிருந்து எடுத்த கம்பியால் இரவோடிரவாகத் திருத்திக் கொடுத்தாராம். அறுபது ஆண்டுகளுக்கு மேலாக அந்தக் கம்பி அங்கே இருந்திருக்கிறது. இவர் ஒரு முறையேனும் அதைப் பார்த்ததில்லை.

வேலையை விட்டுவிடுவோம் என்றே நான் கோலைக் கீழே வைத்தேன். அவர் தலையசைத்து மறுத்து, வெட்டாமல் ஈயத்தை உருக்கிக் கம்பியை முழுதாக எடுக்கும்படி கேட்டுக்கொண்டார். அப்படியே எடுத்தேன். சுருள், ஆளி, ஆமேச்சர், தூரிகைகள், கம்பி எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் கடதாசியிற் சுற்றி, பெயர் எழுதி, அதே பிஸ்கற் பெட்டிக்குள் அடுக்கினார். பிற்காலத்தில் விரும்புபவர் மீண்டும் பூட்டிக்கொள்ளலாம்; நாங்கள் உடலில் ஒரு துளையும் இடவில்லை.

டிகோடரின் கம்பிகளுக்கு நிறத்தால் வேலை பிரித்திருக்கிறார்கள். சிவப்பு, வயிற்றுச் சறுக்குத் தகட்டிலிருந்து மின்னைக் கொணர்வது, கறுப்பு, சக்கரங்களுக்கு, செம்மஞ்சளும் சாம்பலும் மோட்டாருக்கு, வெள்ளை, முன்விளக்குக்கு. இதிலே கவனிக்க வேண்டியது, மோட்டாரின் எந்த முனையும் எஞ்சினின் உலோக உடலைத் தொடலாகாது என்பது. பழைய அமைப்பில் உடலே மின்பாதையின் ஒரு பகுதி. புதிய அமைப்பில் அந்தத் தொடுகை டிகோடரைக் கொன்றுவிடும். முடித்துவிட்டேன் என்று எண்ணி, வழக்கம்போல் மானியைப் பிடித்துச் சோதித்தேன். முள் அசைந்தது! உருப்பெருக்கும் கண்ணாடியால் தேடியபோது, சாம்பற் கம்பியிலிருந்து பிரிந்த தலைமயிர் போன்ற ஒரு செப்பு இழை உடலைத் தொட்டுக்கொண்டிருந்தது. அது என் கவலையீனமே. மாணவர்களுக்கு நாளாந்தம் சொல்லும் புத்தியை நானே மறந்திருந்தேன்.

கிழவரும் இவ்விடயத்தில் அடிபட்டவர்தான். முன்பு வேறோர் எஞ்சினை மாற்றியமைத்து, ஆசை மிகுதியால் அதைத் தம் சிறுவயதுப் பழைய நிலைமாற்றியிலேயே ஓட்டிப் பார்த்திருக்கிறார். அக்கருவி 220 வோல்ற்று வீட்டு மின்சாரத்துக்கென்று செய்யப்பட்டது. இன்றைய மின்சாரமோ 230. உள்ளே வருவது கூடினால் வெளியே போவதும் அதே விகிதத்திற் கூடும். சுமை குறைந்திருக்கும்போது இன்னும் உயரும். திசை மாற்றும் குமிழைத் திருகிய கணத்தில் டிகோடர் கருகிவிட்டது. வீட்டில் இத்தகைய பழைய விளையாட்டுப் புகையிரதம் வைத்திருப்போர் இதை நினைவிற் கொள்வது நல்லது. மின்னணுப் பலகை வைத்த எஞ்சினைப் பழைய நிலைமாற்றியின் அருகே கொண்டுசெல்லற்க.

மறுநாள் மாலை பேத்தியும் வந்தாள். எஞ்சினுக்கு ஓர் இலக்கம் இட வேண்டும் என்றபோது, தன் வயதாகிய ஏழையே கேட்டாள். ஆகக் குறைந்த வேகம், ஆகக் கூடிய வேகம், வேகம் எடுக்கும் நேரம் ஆகிய குணங்களையெல்லாம் எண்களாகவே கொடுக்க வேண்டும். கிழவர் ஆகக் கூடிய வேகத்தைப் பாதியாகக் குறைத்தார். பின்பு கட்டுப்பாட்டுக் குமிழைப் பிள்ளையின் கையிற் கொடுத்துவிட்டு, தாம் கதிரையிற் போய் இருந்தார்.

முதலில் விளக்கு எரிந்தது. எஞ்சின் நின்றபடியே விளக்கு எரிவதை அவர் அதுவரை கண்டதில்லை. பழைய முறையில் ஓடினாற்றானே ஒளி. பிள்ளை மேசை விளிம்பில் நாடியை வைத்துக்கொண்டு குமிழை மெல்லத் திருகினாள். இரைச்சலில்லை, பாய்ச்சலில்லை. சிலிப்பர் கட்டைகளை ஒவ்வொன்றாக எண்ணக்கூடிய மெதுவான நடை. அவள் உண்மையிலேயே எண்ணத் தொடங்கினாள். என் பெறாமகள் அவளுக்குப் பக்கத்தில் நின்று தமிழில் எண்ணினாள். இருபத்தாறாவது கட்டையில் எஞ்சின் நின்றுவிட்டது. விளக்கும் அணைந்தது.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு வியர்த்துவிட்டது. கிழவர் மட்டும் நிதானமாக எழுந்து வந்து, எஞ்சினைத் தூக்கி அடியிலிருந்த புள்ளிகளைப் பார்த்தார். அறுபது வருடத்து அழுக்கு! சட்டைப் பையிலிருந்து கைலேஞ்சியை எடுத்து, அதன் நுனியால் இருபத்தாறாவது கட்டையையும் அதற்கு அப்பாலும் துடைத்துக்கொண்டே போனார். எஞ்சினை மீண்டும் வைத்ததும் விளக்கு எரிந்தது. பிள்ளை இருபத்தேழு என்றாள்.